அசையாம இருங்க, துரை

1902 ஏப்ரல். ஹைதராபாத் சமஸ்தானம், வாரங்கல் பக்கம் நெக்கொண்டா. காட்டோரம் ஒரு வேட்டை முகாம். வைஸ்ராய் கர்சன் பிரபுவும் அவர் மனைவி மேரியும் கேமராவுக்கு முன்னால் இருக்கிறார்கள். காலடியில் சுட்டு வீழ்த்திய புலி. முகாமில் முதல் நாள் வேட்டை என்று படத்துக்குத் தலைப்பு.

இந்தப் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். காலனி ஆட்சியைப் பற்றி யார் எழுதினாலும், பக்கத்தில் வைக்க ஒரு படம் வேண்டுமென்றால் இதைத்தான் எடுத்து ஒட்டுகிறார்கள். பார்க்கிறவர்கள் கர்சனைத் திட்டுவார்கள், மேரியின் உடையைப் பற்றிப் பேசுவார்கள், புலிக்காக வருத்தப்படுவார்கள். எனக்கும் முதலில் புலிமேல்தான் கண் போனது. கேமராவுக்குப் பின்னால் நின்றது யார் என்று ரொம்பப் பேர் கேட்பதில்லை. ராஜா தீன் தயாள் அண்ட் சன்ஸ் என்ற ஸ்டூடியோ எடுத்த படம் அது. வெள்ளைக்காரக் கம்பெனி என்று நினைத்துவிடாதீர்கள். மீரட்டுக்குப் பக்கத்தில் சர்தானா என்ற ஊரில், நகைத் தொழில் செய்த சமணக் குடும்பத்தில் 1844-இல் பிறந்தவர் தொடங்கிய கடை.

ஏறக்குறைய முப்பது கோடிப் பேரை ஆண்டுகொண்டிருந்த ஒரு மனிதரைப் பார்த்து, 'கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, அசையாம இருங்க' என்று சொல்லும் உரிமை அன்றைக்கு ஒரு இந்தியருக்கு வேறு எந்த இடத்தில் இருந்திருக்கும்? நாவிதரையும் தையற்காரரையும் விட்டால் எனக்கு யாரும் தோன்றவில்லை. இந்த விநோதத்தைப் பிடித்துக்கொண்டுதான் பத்தொன்பதாம் நூற்றாண்டு மேட்டுக்குடிப் படங்களுக்குள் போனேன். உள்ளே போனால் விஷயம் அவ்வளவு வேடிக்கையாக இல்லை.

முதலில் தொழில்நுட்பத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தொழில்புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1839-இல் பாரிஸில் டாகேர் தன் முறையை வெளியிட்டார். அடுத்த ஜனவரியிலேயே கல்கத்தாவில் கேமரா விற்பனைக்கு விளம்பரம் வந்துவிட்டது. கப்பல் வந்து சேரும் நேரம்தான் இடைவெளி. ஆனால் டாகேரின் படம் வெள்ளி பூசிய தகட்டில் விழுவது. ஒன்று எடுத்தால் ஒன்றுதான், நகல் கிடையாது. 1851-இல் லண்டனில் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற சிற்பி, கண்ணாடியில் கொலோடியன் பூசி நெகட்டிவ் எடுக்கும் வழியைக் காப்புரிமை வாங்காமல் பத்திரிகையில் எழுதிவிட்டார். ஓப்பன் சோர்ஸுக்குக் கொடுத்த மற்ற பலரைப் போலவே அவரும் ஆறே வருஷத்தில் ஏழையாகச் செத்துப்போனார். அவர் காட்டிய வழியில் ஒரு முகத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் காகிதத்தில் அச்சடிக்க முடிந்தது. 1854-இல் திஸ்தேரி என்ற பாரிஸ்காரர் ஒரே தகட்டில் எட்டுப் படம் எடுத்து, வெட்டி, விசிட்டிங் கார்டு அளவு அட்டையில் ஒட்டும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். விலை சரிந்தது. 1860-இல் மேயால் என்பவர் விக்டோரியா ராணி குடும்பத்தின் படங்களை அந்த அளவில் விற்பனைக்கு விட, இங்கிலாந்துக்கே பைத்தியம் பிடித்தது.

பைத்தியம் கப்பலேறி இங்கேயும் வந்தது. கலெக்டர், கர்னல், தோட்டத்துரை, அவர்களுடைய மனைவிமார் எல்லோரும் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். ஊருக்கு அனுப்ப ஒரு படம், மாற்றலாகிப் போகும் சிநேகிதருக்கு ஒரு படம், வரவேற்பறை மேஜையில் கிடக்கும் ஆல்பத்துக்கு ஒரு படம். ஆல்பத்தில் நீங்கள் யாருக்குப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதே ஒரு அந்தஸ்து.

ஆர்ச்சரின் முறையில் ஒரு சிக்கல் இருந்தது. தகட்டில் மருந்தைப் பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, அப்போதே இருட்டறையில் கழுவியும் முடிக்க வேண்டும். பத்து, பதினைந்து நிமிஷம். நம் ஊர் வெயிலில் அதுவும் இல்லை. உட்காருகிறவர் பல விநாடிகள் ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். அதற்காக முதுகுக்குப் பின்னால் ஒரு இரும்புத் தாங்கியை நிறுத்தி, அதன் கவையில் பின்னந்தலையைப் பொருத்துவார்கள். நிற்கும் கர்னல்களின் பூட்ஸுக்குப் பின்னால் உற்றுப் பார்த்தால் சில படங்களில் அந்தத் தாங்கியின் பாதம் எட்டிப் பார்க்கும். பிரிட்டிஷ் கம்பீரம் என்று நாம் நம்பியதில் ஒரு பங்கு இந்த இரும்புக் கவையின் உபயம். இவ்வளவும் இருந்தும், இந்தியர்களை இயல்பாக நிற்கவைக்க முடியவில்லை என்று சாமுவேல் போர்ன் போன்ற வெள்ளைக்காரப் புகைப்படக்காரர்கள் குறைப்பட்டு எழுதியதுதான் தமாஷ்.

தூண், மடிப்பு மடிப்பாகத் தொங்கும் திரை, செதுக்கிய நாற்காலி, பின்னால் துணியில் வரைந்த தோட்டம். இதெல்லாம் ஐரோப்பியப் பிரபுக்களின் எண்ணெய்ச் சித்திரங்களிலிருந்து ஸ்டூடியோவுக்கு இறங்கி வந்த சாமான்கள். நம் வீட்டுப் பழைய கல்யாணப் படங்களில் தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்க, ஓரத்தில் ஒரு முக்காலியும் அதன்மேல் பூ ஜாடியும் இருக்குமே, அந்த முக்காலி வந்த வழியும் இதுதான்.

சாமான் எல்லோருக்கும் பொது. ஆனால் எல்லோரும் அதன் பக்கத்தில் நிறுத்தப்படவில்லை.

கானிங் பிரபு கவர்னர் ஜெனரலாக இருந்தபோது, அவரும் அவர் மனைவியும் நினைவுக்காக இந்திய மக்களின் படங்களைச் சேர்க்க ஆசைப்பட்டார்கள். 1857 கலகத்துக்குப் பிறகு அந்த ஆசை அரசாங்க வேலையாக மாறியது. ஆளப்படுகிறவர்கள் யார், எத்தனை விதம், எவரை நம்பலாம் என்று தெரிந்துகொள்ளும் அவசரம். 1868 முதல் 1875 வரை 'இந்தியாவின் மக்கள்' என்ற பெயரில் எட்டுப் பெரிய தொகுதிகள் வெளிவந்தன. சாதி வாரியாக, தொழில் வாரியாக, இனம் வாரியாகப் படங்கள். பக்கத்தில் இவர்கள் விசுவாசமானவர்கள், இவர்கள் திருட்டுப் பழக்கம் உள்ளவர்கள் என்ற ரீதியில் குறிப்புகள். பெரும்பாலான படங்களில் இருப்பவருக்குப் பெயர் கிடையாது. வகைக்குத்தான் பெயர்.

1869-இல் சையது அகமது கான் தன் மகன்களோடு லண்டன் போனார். பின்னால் அலிகாரில் கல்லூரி தொடங்கிய அதே சையது அகமது. அங்கே இந்தியா ஆபீஸில் இந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து நொந்துபோனார். இந்தியாவுக்கு வேலைக்குப் போகவிருக்கும் இளம் ஆங்கிலேயர்கள் இதைப் பார்த்துவிட்டு நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று வருந்தி ஊருக்கு எழுதினார். அந்தக் கடிதத்தில் ஒரு சம்பவம் வருகிறது. அவர் மகன் மஹ்மூத் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் நின்ற ஒரு ஆங்கிலேய இளைஞன், 'நீங்கள் ஹிந்துஸ்தானியா?' என்று கேட்கிறான். ஆமாம் என்கிறார் மஹ்மூத். சொன்ன கையோடு முகம் சிவந்து, தான் பூர்வகுடி இல்லை, தன் முன்னோர் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று அவசரமாகச் சேர்த்துச் சொல்கிறார்.

எனக்கு இந்தச் சம்பவம் ஒரு சாவி மாதிரி. அந்த நூற்றாண்டில் இந்திய ராஜாக்களும் நவாபுகளும் ஜமீன்தார்களும் வக்கீல்களும் எடுத்துக்கொண்ட ஆயிரக்கணக்கான ஸ்டூடியோப் படங்கள் எல்லாமே மஹ்மூதின் அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்வதாக எனக்குத் தோன்றுகிறது. நான் அந்தப் புத்தகத்தில் இருக்கிற ஆள் இல்லை. எனக்குப் பெயர் இருக்கிறது, வம்சம் இருக்கிறது, இதோ வாள், இதோ பதக்கம், இதோ செதுக்கிய நாற்காலி. அவமானத்திலிருந்து தப்பிக்கும் தவிப்பு அதில் இருக்கிறது, சரி. ஆனால் தப்பிக்கிற வழி, புத்தகத்துக்குள் மாட்டிக்கொண்டவர்களை அங்கேயே விட்டுவிட்டு வருவதாக இருக்கிறது. புத்தகம் தப்பு என்று மஹ்மூத் அந்த இளைஞனிடம் சொல்லவில்லை. நான் அதில் இல்லை என்றுதான் சொன்னார். அவர் பின்னாளில் அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி ஆனார்.

விதிவிலக்குகளும் உண்டு. 1862-இல் ஜேம்ஸ் வாட்டர்ஹவுஸ் என்ற இளம் ராணுவ அதிகாரி இந்தத் திட்டத்துக்காக மத்திய இந்தியாவில் படம் எடுக்கப் போபால் போனார். அங்கே ஆண்டது சிக்கந்தர் பேகம். பர்தா அணியாதவர், கெட்டிக்கார நிர்வாகி. வகைகளின் படம் எடுக்க வந்த அதிகாரிக்கு முன்னால் பேகமும் மகளும் விதவிதமான உடைகளை மாற்றி மாற்றி உடுத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். உடையை வைத்துத்தானே ஆளை வகைப்படுத்தப் போகிறீர்கள், இந்தாருங்கள், எத்தனை வேண்டும் என்று கேட்கிற மாதிரி இருக்கிறது. யார் யாரைப் படம் எடுத்தார்கள் என்றே சந்தேகம் வரும்.

புகைப்படச் சங்கங்களிலும் இதே இழுபறிதான். பம்பாயில் 1854, கல்கத்தாவிலும் சென்னையிலும் 1856 என்று வரிசையாகச் சங்கங்கள் தொடங்கின. கல்கத்தா சங்கத்தின் பொருளாளர் ராஜேந்திரலால் மித்ரா, வங்கத்தின் பெரிய அறிஞர். 1857-இல் ஒரு பொதுக்கூட்டத்தில் ஐரோப்பிய நீலச்சாயத் தோட்டக்காரர்களை அவர் கண்டித்துப் பேசினார். சங்கத்திலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். லென்ஸைப் பற்றிப் பேச ஒரே மேஜையில் உட்காரலாம், அதோடு சரி.

இந்தப் பின்னணியில் தீன் தயாளைப் பார்க்க வேண்டும்.

அவர் படித்தது எங்கள் சாதிப் படிப்பு, இன்ஜினியரிங். கங்கைக் கால்வாய் வேலைக்கு ஆள் தயார் செய்ய 1847-இல் ரூர்க்கியில் தொடங்கப்பட்டு, பிறகு தாமஸன் பெயர் வைக்கப்பட்ட கல்லூரி. இன்றைய ஐஐடி ரூர்க்கி. அங்கே மேல் வகுப்பு வெள்ளைக்காரர்களுக்கு என்றால், இவர் இருந்தது கீழ்நிலைப் பணியாளர்களுக்கான வகுப்பு. 1866-இல் படிப்பை முடித்து இந்தூரில் பொதுப்பணித்துறையில் சேர்ந்தார். எஸ்டிமேட் போடுவதும் வரைபடம் போடுவதும் வேலை. எத்தனை செங்கல், எத்தனை மூட்டை சுண்ணாம்பு, எத்தனை கூலி ஆள். 1874 வாக்கில்தான் கேமராவைத் தொட்டார். அப்போது முப்பது வயது. முப்பது தாண்டி வேறு ஒன்றைத் தொடங்கும் இன்ஜினியர்கள்மேல் எனக்கு ஒரு தனிப் பாசம் உண்டு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மத்திய இந்தியாவுக்கான கவர்னர் ஜெனரலின் ஏஜென்ட் ஹென்றி டேலி அவரைக் கைதூக்கிவிட்டார். இந்தூர் மகாராஜா துகோஜி ராவும் ஆதரித்தார். 1875-76 குளிர்காலத்தில் வேல்ஸ் இளவரசர் இந்தியா வந்தபோது தீன் தயாளுக்குப் படம் எடுக்கும் வாய்ப்புக் கிடைத்தது. 1882-இல் டேலிக்குப் பின் வந்த லெப்பல் கிரிஃபினோடு புந்தேல்கண்ட் பக்கம் சுற்றிக் கோட்டைகளையும் கோயில்களையும் எடுத்தார். டஃபரின் பிரபு காலத்தில் வைஸ்ராயின் புகைப்படக்காரர் என்ற அந்தஸ்து வந்தது. அரசாங்க வேலையை விட்டார். செகந்திராபாத்தில் ஸ்டூடியோ போட்டார், 1896-இல் பம்பாயிலும் ஒன்று.

இடத்தைக் கவனியுங்கள். செகந்திராபாத் பிரிட்டிஷ் ராணுவக் குடியிருப்பு. ஏரிக்கு அந்தப் பக்கம் நிஜாமின் ஹைதராபாத். இரண்டு வாடிக்கையாளர் கூட்டத்துக்கும் நடுவில் கடை. காலையில் குதிரைப்படை அதிகாரியும் மனைவியும் வந்து உட்கார்ந்த நாற்காலியில் மாலையில் ஒரு நவாப் வந்து உட்காரலாம். வடக்கு வெளிச்சம் இருவர்மேலும் ஒரே மாதிரிதான் விழும். தகட்டின் ஓரத்தில் எண் எழுதி, அச்சிலும் அந்த எண் வரும்படி விடுவது இவர் கடையின் வழக்கம். டேட்டாபேஸில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண் கொடுப்போமே, அதேதான். ராஜாவா சுபேதாரா என்று அந்த எண்ணுக்குத் தெரியாது. எஸ்டிமேட் போட்ட கை அல்லவா, கணக்கு தப்பாது.

அதற்குள் ஈரத் தகட்டின் காலம் முடிந்து, கடையில் வாங்கிவந்து அப்படியே மாட்டும் உலர்ந்த தகடு வந்துவிட்டது. எக்ஸ்போஷர் விநாடிக்கும் கீழே இறங்க முடிந்தது. தீன் தயாளின் குழுப் படங்களில் ஒரு தளர்வு தெரிவதற்கு இதுவும் காரணம். டென்னிஸ் பார்ட்டி, டீ பார்ட்டி, கூடார முகாம், ஒருவர் நாற்காலியில், ஒருவர் புல்லில், ஒருவர் நாயோடு. போஸ் கொடுத்த மாதிரியே இருக்காது. கொடுத்ததுதான். ஐம்பது பேர் இருக்கும் படத்தில் ஒரு முகம்கூட இன்னொன்றை மறைக்காமல் அடுக்குவது சாதாரண வேலை இல்லை. வரைபடம் போட்டுப் பழகியவனுக்குத்தான் அது வரும். படிநிலை பிசகாமலும் இருக்க வேண்டும். ரெசிடென்ட் நடுவில், அவருக்கு வலது பக்கம் யார், இடது பக்கம் யார் என்பதில் தவறு நேர்ந்தால் வியாபாரமே போய்விடும்.

1892-இல் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. பர்தாவில் இருக்கும் மேட்டுக்குடிப் பெண்களுக்காகத் தனி ஸ்டூடியோ திறந்தார். உயரமான மதில். உள்ளே ஆண்வாடை கிடையாது. கென்னி லெவிக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி பொறுப்பு. படம் எடுப்பதும் பெண்கள்தான். அந்தப் பெண்களைப் பொறுத்தவரை, முகத்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு படத்தையும் வைத்துக்கொள்ள அது ஒரு வழி.

இதை ஜெய்ப்பூரோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1880-இல் இறந்த ஜெய்ப்பூர் மகாராஜா இரண்டாம் ராம்சிங் தானே தேர்ந்த புகைப்படக்காரர். பூஜை உடையில் சிவபக்தராகத் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படம் இருக்கிறது. அந்தப்புரப் பெண்களையும் ஸ்டூடியோவுக்கு வரவழைத்து, வரைந்த திரைக்கு முன்னால் ஐரோப்பிய நாற்காலியில் உட்காரவைத்து எடுத்தார். கேமராவை நேருக்கு நேர் பார்க்கும் முகங்கள். சிலரிடம் சலிப்பு, சிலரிடம் துணிச்சல். அழகான படங்கள், சந்தேகமே இல்லை. ஆனால் எடுத்தவர் அவர்களின் எஜமானர். பெரும்பாலான பெண்களின் பெயர் இன்று நமக்குத் தெரியாது. மேட்டுக்குடி மாளிகைக்குள்ளேயே பெயர் உள்ளவர், இல்லாதவர் என்று ஒரு கோடு ஓடுகிறது. ஹைதராபாத் ஸ்டூடியோவில் பணம் கொடுத்துப் படம் கேட்டு வந்தவள் வேறு. ஜெய்ப்பூரில் கூப்பிட்டதும் வந்து உட்கார்ந்தவள் வேறு.

நிஜாமுக்கு வருவோம். ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கான் 1866-இல் பிறந்தவர். மூன்று வயதில் பட்டத்துக்கு வந்தார், 1884-இல் ரிப்பன் பிரபு நேரில் வந்து முழு அதிகாரம் கொடுத்தார். 'கொடுத்தார்' என்ற சொல்லிலேயே எல்லாம் இருக்கிறது. வெளிநாட்டு உறவு, படை, பெரிய நியமனங்கள் எதிலும் பிரிட்டிஷ் ரெசிடென்டை மீறி நகர முடியாது. ஆனால் உலகப் பணக்காரர்களில் ஒருவர். அவரைத் தீன் தயாள் ஸ்டூடியோ எடுத்த படங்களில் துப்பாக்கி, குதிரை, யானை, செத்த புலிகள், பரிவாரம் எல்லாம் உண்டு. அதிகாரம் கையில் இல்லாதபோது அதிகாரத்தின் தோற்றத்துக்கு எவ்வளவு தேவை இருக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆல்பம் கிடைக்காது. நான் இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அந்தத் தோற்றத்தையும் விட்டுவிட்டால் அவரிடம் அரசியல் ரீதியாக என்ன மிஞ்சியிருக்கும்?

மிஞ்சியதில் முக்கியமானது பெரார். பருத்தி விளையும் கருப்பு மண். ஹைதராபாத்தில் நிறுத்திய பிரிட்டிஷ் கட்டுப்பாட்டுப் படையின் செலவுப் பாக்கிக்காக 1853-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அந்த மாவட்டங்களைத் தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. நிலம் சட்டப்படி நிஜாமுடையது, வசூல் கம்பெனியுடையது. அதைத் திரும்ப வாங்கத் திவான் சாலார் ஜங் 1876-இல் லண்டன் வரை போய்ப் பார்த்தார். முடியாமலே 1883-இல் இறந்தார்.

1902 மார்ச் கடைசியில் கர்சன் ஹைதராபாத் வந்தார். 30-ஆம் தேதி நிஜாமோடு தனியாக ஒரு சந்திப்பு. பெராரை ஆண்டுக்கு 25 லட்சம் ரூபாய்க்கு நிரந்தரக் குத்தகைக்கு விட நிஜாம் சம்மதித்தார். அறைக்குள் எப்படிச் சம்மதிக்க வைக்கப்பட்டார் என்பதைப் பற்றி ஹைதராபாத்தில் பல காலம் கசப்போடு பேசினார்கள். நவம்பர் 5-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 1903 புத்தாண்டில் டெல்லி தர்பாரை ஒட்டி நிஜாமுக்கு ஜி.சி.பி. என்ற உயர்ந்த பிரிட்டிஷ் விருது. ஊரில் உடனே விரிவாக்கம் கண்டுபிடித்துவிட்டார்கள்: 'கேவ் கர்சன் பெரார்'. கர்சனுக்கு பெராரைக் கொடுத்தார். முப்பது வருஷத்துக்கும் மேல் கழித்து, 1936-இல், அடுத்த நிஜாமின் மூத்த மகனுக்குப் பெரார் இளவரசர் என்ற பட்டம் மட்டும் கிடைத்தது. நிலம் வரவில்லை.

இப்போது நெக்கொண்டா படத்தின் தேதியைத் திரும்பப் பாருங்கள். 1902 ஏப்ரல். பெரார் பேசி முடித்த சூட்டோடு, நிஜாமின் விருந்தாளியாக, நிஜாமின் காட்டில் சுட்ட புலி அது. நிஜாம் படத்தில் இல்லை. புலியை விரட்டிக்கொண்டு வந்த ஆட்களும் இல்லை. புலி வேட்டையில் வைஸ்ராய்கள் தனியாகக் காட்டுக்குள் போவதில்லை. தாரை தப்பட்டையோடு சுற்றி வளைத்து விலங்கைத் துப்பாக்கி முன்னால் கொண்டுவந்து நிறுத்தப் பெருங்கூட்டம் வேண்டும். எடுக்கப்பட்ட நிலம், கொடுத்த ராஜா, ஓடிய ஆட்கள் எல்லாம் சட்டகத்துக்கு வெளியே. உள்ளே இருப்பது கணவன், மனைவி, செத்த விலங்கு. ஒரு குடும்பப் படம் போலவே இருக்கிறது, அதுதான் அதன் சாமர்த்தியம்.

தீன் தயாளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா என்று யோசிப்பேன். ஆளும் இரு தரப்புக்கும் நடுவில் கடை வைத்தவருக்குத் தெரியாமல் இருக்காது. அவரை ரகசியத் தேசபக்தராகப் படிக்கச் சிலருக்கு ஆசை. அந்தப் படங்களில் மறைமுகமான நக்கல் இருக்கிறது என்பார்கள். நான் அப்படி எதையும் பார்க்கவில்லை. கேட்டதைக் கச்சிதமாகச் செய்துகொடுத்த ஒரு தொழில்காரரைத்தான் பார்க்கிறேன். இன்னொரு பக்கம், வெள்ளைக்காரனுக்கு ஜால்ரா என்று ஒதுக்குகிறவர்களோடும் ஒத்துப்போக முடியவில்லை. அவர் படங்களில் இந்திய முகங்கள் வெள்ளை முகங்களைவிடக் குறைந்த கவனத்தோடு எடுக்கப்படவில்லை. ஒரு நவாபின் முகச் சுருக்கத்துக்கும் ஒரு ஜெனரலின் முகச் சுருக்கத்துக்கும் ஒரே அக்கறை. 'இந்தியாவின் மக்கள்' தொகுதிகளைப் புரட்டிவிட்டு இவற்றைப் பார்த்தால் இது சின்ன விஷயம் இல்லை என்று புரியும். அந்த அக்கறைக்கு விலை உண்டு, அவ்வளவுதான். கொடுக்க முடிந்தவர்களுக்குக் கிடைத்தது.

கொடுக்க முடியாதவர்களும் அவர் கேமராவுக்கு முன்னால் ஒருமுறை வந்தார்கள். 1899-1900 பஞ்சத்தில் ஹைதராபாத் சமஸ்தானத்தின் அவுரங்காபாத் பகுதி கடுமையாக அடிபட்டது. நிவாரண முகாம்களைப் படம் எடுக்கும் வேலை தீன் தயாள் ஸ்டூடியோவுக்கு வந்தது. அரசு எப்படி உதவுகிறது என்று காட்டத்தான். விலா எலும்பு தெரிய வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஆட்கள், ஒட்டிய வயிற்றோடு நிற்கும் இளைஞர்கள். ஒரு முகம் இன்னொன்றை மறைக்காத அதே அடுக்கு. டென்னிஸ் பார்ட்டியை அடுக்கிய அதே கண். தலைப்பில் இடம் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, பஞ்சம் என்ற சொல் இருக்கிறது. ஆள் பெயர் இல்லை. ஸ்டூடியோவில் பெயரோடு உட்கார வந்தவர்கள் சற்றுத் தொலைவில்தான் இருந்தார்கள். சிலர் அந்த நிலத்தின் ஜாகீர்தார்களாகவே இருந்திருப்பார்கள்.

பார்த்துவிட்டு உடனே அடுத்ததற்குப் போக முடியாத படங்கள் இவை. இவர்களும் அசையாமல்தான் நிற்கிறார்கள். யாரும் இவர்களுக்கு இரும்புத் தாங்கி வைக்கவில்லை. அசையத் தெம்பு இல்லை.

தீன் தயாளின் கடைசிக் காலம் சோகம். 1904-இல் மகன் தரம் சந்த் போய்விட்டார், அடுத்த வருஷம் அவரும். பம்பாய்க் கடை நிலைக்கவில்லை. 2,800-க்கும் மேற்பட்ட கண்ணாடித் தகடுகளை 1989-இல் டெல்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையம் வாங்கியது. இல்லையென்றால் பழைய கண்ணாடி விலைக்குப் போயிருக்கும். நம் ஊரில் எத்தனையோ ஸ்டூடியோத் தகடுகள் அப்படித்தான் மருந்து சுரண்டப்பட்டு ஜன்னலுக்குப் போயின.

அவரையே எடுத்த படங்களும் இருக்கின்றன. தலைப்பாகை, நீண்ட கோட்டு, அடர்ந்த மீசை, நேரான முதுகு. ரூர்க்கியில் கீழ்நிலை வகுப்பில் உட்கார்ந்த பையன் என்று சொல்ல முடியாது. நிஜாம் அவருக்கு 'ராஜா பஹதூர் முஸவ்விர் ஜங்' என்ற பட்டம் கொடுத்திருந்தார். முஸவ்விர் என்றால் உருவம் தீட்டுபவர். ஜங் என்றால் போர். ஹைதராபாத்தில் சாலார் ஜங் போன்ற பெருங்குடி நவாபுகளின் பெயருக்குப் பின்னால் வரும் சொல் அது. அதற்குப் பிறகு அச்சான படங்களின் அட்டைகளில் 'லாலா' போய் 'ராஜா' வந்தது.